முதல் நாற்காலி அக்கா

எங்கள் முதலாளி கல்லா தானாக முன்வந்து, "நாம நாலு பேரும் ஏரிக்கரைல இருக்கிற அந்த இத்தாலியன் ரெஸ்டாரன்ட்டுக்குப் போறோம், செலவு என்னோடது" என்று சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவள் அவள். டீ வாங்கலாமா என்று யாராவது ஆரம்பித்தாலே, "நான் இப்பதான் குடிச்சேன்" என்று முந்திக்கொள்வாள். அப்படிப்பட்டவள் விருந்து வைக்கிறாள் என்றால் யாருக்கோ குழி வெட்டியாகிவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு என் மூளை வேலை செய்யவில்லை. எதை உடுத்திக்கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நாலு பேரும் ஒரே பியூட்டி பார்லரில் வேலை செய்கிறவர்கள். கடை கல்லாவின் பேரில் இருக்கிறது. எந்நேரமும் பணப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பதால் அவளுக்கு அந்தப் பட்டம். ஃபேஷியல் போடுகிறவள் க்ரீம். பேச்சிலும் அவள் தடவத்தான் செய்வாள்; கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவாள். முடிக்குச் சாயம் பூசுவதும், வெட்டி முடித்த தலையை ட்ரையர் வைத்துச் சீராக்குவதும் என் வேலை. எனக்குப் பட்டாசு என்று பேர் வைத்தது அக்கா. ஏன் வைத்தாள் என்று போகப்போக உங்களுக்கே தெரியும்.

முடி வெட்டுவது அக்கா. வாசலை ஒட்டிய முதல் நாற்காலி அவளுடையது. கடைக்குக் கல்லா வருவதற்கு முன்பே, பழைய முதலாளி காலத்திலேயே அவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். கடை கைமாறியது, பெயர்ப்பலகை மாறியது, விலை மூன்று மடங்கானது. முதல் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற ஆள் மட்டும் மாறவில்லை. எங்கள் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கடையின் பெயர் தெரியாது. "அந்த அக்கா கடை" என்றுதான் ஆட்டோவில் ஏறுவார்கள். இது கல்லாவுக்கு எவ்வளவு எரிச்சல் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

அக்கா பெரிய தியாகி என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு வாய் அதிகம். தன் கத்தரியை யாராவது தொட்டால் அன்றைக்குக் கடையில் யாருக்கும் சோறு இறங்காது. தன் வாடிக்கைக்காரி வேறு கடையில் வெட்டிக்கொண்டு வந்தால் பின்னந்தலையைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். "எவ கடிச்சு வெச்சா இத?" என்று கேட்பாள், நாலு பேர் முன்னால். அவளுக்குப் பிள்ளைகள் இல்லை. யாராவது அதற்காக உச்சுக்கொட்டினால், "உன் புள்ளைங்க உனக்கு என்ன கிழிச்சிடுச்சு, அதச் சொல்லு முதல்ல" என்பாள். வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை பார்த்துப் பார்த்துக் காது மந்தமானவர். அதனால் வீட்டிலும் கத்திக் கத்தித்தான் பேசுவாள். அந்தத் தொண்டையோடுதான் கடைக்கும் வருவாள்.

ஆனால் வெட்டு என்றால் அது வெட்டு. ஒருத்தி கண்ணெல்லாம் வீங்க வந்து உட்கார்ந்து, "ஒட்ட வெட்டிடுங்கக்கா, எனக்கு இந்த முடியே வேணாம்" என்றால் அக்கா கத்தரியை எடுக்கவே மாட்டாள். "வீட்டுல சண்டையா? போய்ச் சாப்பிட்டுத் தூங்கு. ரெண்டு மூணு நாள் போகட்டும். அப்பவும் வேணாம்னு தோணினா வா" என்று அனுப்பிவிடுவாள். வந்த வருமானத்தை விரட்டுகிறாள் என்று கல்லா பல்லைக் கடிப்பாள். அப்படிப் போனவர்கள் பிறகு ஆயுசுக்கும் அக்காவைத் தவிர வேறு யாரிடமும் தலையைக் கொடுக்கமாட்டார்கள்.

அந்தக் கைக்குத்தான் நடுக்கம் வந்தது.

முதலில் டீ டம்ளரில் தெரிந்தது. டம்ளரைத் தூக்கிக் குடிக்கிற அக்கா, அதை மேடையிலேயே வைத்துக் குனிந்து உறிஞ்ச ஆரம்பித்தாள். கேட்டால், "சூடு" என்றாள். அப்புறம் ஒரு காலேஜ் பெண்ணின் நெற்றி முடி ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி இருந்தது. அக்கா கவனிக்கவில்லை. அவள் கண்ணுக்கும் வயதாகிறதல்லவா? தலை ட்ரையருக்கு என்னிடம் வந்தபோது நான் பார்த்தேன். அக்கா பின்னால் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் பிரஷ்ஷைச் சுற்றுகிற சாக்கில் சின்னக் கத்தரியால் ஓரத்தைச் சரிசெய்துவிட்டேன். அக்கா வந்து பின்கண்ணாடியைப் பிடித்துக் காட்டி, "பாத்தியாடி, நூல் புடிச்ச மாதிரி இருக்கு" என்று பெருமைப்பட்டுக்கொண்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அக்கா வெட்டுவாள், நான் ட்ரையர் சத்தத்தில் சரிசெய்வேன், அக்கா வந்து பார்த்துத் திருப்திப்படுவாள். யாருக்கும் நஷ்டமில்லை. என் கூடப்பிறந்த அக்கா பொறுப்பில்லாமல் போனாள். அவளுக்குப் பதிலாகக் கிடைத்தவள் இவள். இவளுக்கு இதுகூடச் செய்யாமல் நான் எதற்கு இருக்கிறேன்? கல்லாவின் கண் கழுகுக் கண். ஒரு நாள் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டுச் சும்மா இருந்தாள். சும்மா இருப்பவளைத்தான் நம்பக்கூடாது.

பிறகு ஒரு டீச்சரம்மாவுக்குக் காது மடலில் கத்தரி பட்டுவிட்டது. பெரிய காயமில்லை. பஞ்சை வைத்து அழுத்தினோம், நின்றுவிட்டது. அந்தம்மாவும், "பரவால்ல அக்கா, நான்தான் தலைய ஆட்டிட்டேன்" என்றுதான் சொன்னார்கள். தலையை ஆட்டவே இல்லை, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மறுநாளே கல்லா என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"இனிமே அவங்கள வெட்ட விடக்கூடாது. நீதான் சொல்லணும். உன் பேச்சத்தான் கேப்பாங்க."

"சொல்ல மாட்டேன். அந்த நாற்காலிய விட்டா அவளுக்கு வேற என்ன இருக்கு?"

"நாளைக்கு ஒருத்தி கண்ணுல குத்திட்டா போலீஸ்காரன் உன்னத் தேடி வருவானா, என்னத் தேடி வருவானா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. "அவகிட்ட கேக்காம எதுவும் செஞ்ச, நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவள் சரி சரி என்று தலையாட்டினாள். அதற்கப்புறம்தான் இந்த விருந்து.

ஏரிக்கரை ரெஸ்டாரன்ட்டுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரை ஒட்டிக் கூரையில்லாத மரத்தளம். அதற்கு உள்ளே, கண்ணாடிச் சுவர் வைத்த கூடம். கல்லா நடுவில் ஒரு வட்ட மேசையைச் சொல்லிவைத்திருந்தாள். "ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் பேசலாம்ல" என்றாள். அக்கா அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணாடிச் சுவரை ஒட்டி, ஏரியைப் பார்த்தபடி வரிசையாக உட்காருகிற நீளப் பலகை மேசை ஒன்று இருந்தது. நேராகப் போய் அதில், வாசல் பக்கத்து முதல் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். நான் இரண்டாவது. க்ரீம் மூன்றாவது. கல்லா கடைசி. கடையில் எப்படியோ அப்படியே. சர்வர் எங்களை விசித்திரமாகப் பார்த்தான்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வட்ட மேசை ஒத்துவராது. நாங்கள் யாரும் யாருடைய முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசிப் பழகவில்லை. எங்கள் பேச்சு எல்லாம் எதிரே இருக்கிற கண்ணாடியில்தான். வந்து உட்காருகிறவளிடம் பேசுவதும் அதில், பக்கத்து நாற்காலிக்காரியிடம் கண்ணைக் காட்டுவதும் அதில், சண்டை போடுவதும் அதில். நேருக்கு நேர் உட்காரவைத்தால் எங்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கல்லாவுக்குக் கல்லாவில் உட்கார்ந்து உட்கார்ந்து அது மறந்துபோயிருந்தது.

என்ன சாப்பிடுவது என்று எங்களை யாரும் கேட்கவில்லை. கல்லா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாளாம். முதலில் ரொட்டியும் எண்ணெயும் வந்தன. "எண்ணெய முடிக்குத் தடவறதா, ரொட்டிக்குத் தடவறதா?" என்று அக்கா கேட்டாள். நாங்கள் சிரித்தோம். அதுதான் அன்றைக்கு நாங்கள் சேர்ந்து சிரித்த ஒரே சிரிப்பு. பிறகு தட்டுகள் வந்தன. கல்லாவுக்கு லசான்யா, க்ரீமுக்குப் பீட்சா, எனக்கு ஸ்பகெட்டி. அக்காவுக்கு ஆழமான கிண்ணத்தில் குழைந்த சோறு மாதிரி ஒன்று. எங்கள் மூன்று பேருக்கும் முள்கரண்டியும் கத்தியும். அக்காவுக்கு மட்டும் பெரிய ஸ்பூன்.

அக்கா கிண்ணத்தைப் பார்த்தாள். ஸ்பூனைப் பார்த்தாள். எங்கள் மூன்று பேர் தட்டையும் வரிசையாகப் பார்த்தாள்.

"இது என்னது?"

"ரிசோட்டோக்கா. இந்த எடத்துல இதுதான் ஸ்பெஷல்" என்றாள் கல்லா.

"ஸ்பெஷலா? அப்ப நீ ஏன் அத வாங்கிக்கல?"

கல்லா தண்ணீர் குடித்தாள்.

"எனக்கு மட்டும் எதுக்கு ஸ்பூன்? நான் என்ன பச்சக் குழந்தையா? இல்ல பல்லு போன கெழவியா?"

"ஐயோ அக்கா, அப்படியெல்லாம் இல்ல, மென்மையா இருக்குமேன்னு..." என்று க்ரீம் தடவ ஆரம்பித்தாள்.

அக்கா கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். என் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். முள்கரண்டியை எடுத்து ஸ்பகெட்டியில் குத்தினாள். கை ஆட ஆரம்பித்தது. கரண்டி தட்டில் பட்டு டிக் டிக் டிக் என்று அடித்தது. இரண்டு சுற்றுச் சுற்றினாள். மேலே தூக்கும்போது எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தது. மறுபடியும் குத்தினாள். மறுபடியும் விழுந்தது. தக்காளிச் சாறு அவள் மார்பில் தெறித்தது. பின் மேசையில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களின் அம்மா அவர்கள் தலையைப் பிடித்துத் திருப்பினாள். அந்தத் திருப்பலைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

நான் எவ்வளவோ தலைகளைப் பிடித்தவள். அந்தக் கையை மட்டும் பிடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. "விடுக்கா, ரெண்டு பேரும் இதையே சாப்பிடலாம்" என்றேன். "வாய மூடிக்கிட்டுச் சாப்பிடு" என்றாள். கடைசியில் ஒரே ஒரு இழை கரண்டியில் தங்கியது. குனிந்து அதை வாய்க்குள் இழுத்துக்கொண்டாள். மென்றாள். கரண்டியை வைத்தாள். நடுங்குகிற கையை மடியில் போட்டு மறு கையால் மூடிக்கொண்டாள்.

அதற்குள் வெளியே வெளிச்சம் குறைந்துவிட்டது. ஏரி தெரியவில்லை. கூடத்துக்குள் விளக்குகள் எரிந்ததால் எதிரே இருந்த கண்ணாடிச் சுவரில் எங்கள் நாலு முகமும் வரிசையாகத் தெரிந்தன. அக்கா நிமிர்ந்து அதைப் பார்த்தாள். அவள் தோள் இறங்கியது. வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் மாதிரி இருந்தாள்.

"சரி, இப்பச் சொல்லுங்கடி. எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று கண்ணாடியைக் கேட்டாள்.

கண்ணாடி என்றதும் கல்லாவுக்கும் வாய் வந்துவிட்டது. "அக்கா, உங்க கை சரியில்ல. டாக்டரப் பாருங்க. கொஞ்ச நாள் கல்லால எனக்குத் துணையா உக்காருங்க. மரியாதைக்கு ஒரு கொறையும் இருக்காது."

"அப்ப வெட்டறது யாரு?"

"அத நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்குவ? உனக்குப் புருவம்கூட எடுக்கத் தெரியாது. ஒரு தடவ காதுல பட்டுச்சு. அந்தம்மா தலைய ஆட்டினாங்க. அதுக்கு என்னக் கொலகாரின்றியா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"வேற எப்படிச் சொன்ன? ஸ்பூன் குடுத்துச் சொன்ன!" அக்காவின் குரல் ஏறியது. லேத் பட்டறைக் காதுக்குக் கேட்கிற குரல் அது. கண்ணாடிச் சுவரில் ஒரு கதவு பாதி திறந்து கிடந்தது. எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவள் கல்லாவின் பிம்பத்தைப் பார்த்து விரலை நீட்டினாள். "நான் நின்னு நின்னு கால் வீங்கி வளத்த கடை அது. என் எடத்தப் புடுங்கிக்கிட்டு, என் முன்னாடியே உக்காந்து எப்படிடி உனக்குத் தொண்டைல எறங்குது? வெக்கமா இல்ல உனக்கு? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

அந்த நேரம் பார்த்து யாரோ வெளியே மரத்தளத்து விளக்குகளைப் போட்டார்கள்.

கண்ணாடியில் இருந்த நாங்கள் நாலு பேரும் காணாமல்போனோம். கல்லாவின் முகம் இருந்த இடத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம், வேறொருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கையில் பாதி தூக்கிய எலுமிச்சை ஜூஸ். வாய் திறந்தபடி இருந்தது. அக்காவின் விரல் நேராக அவள் நெஞ்சுக்கு நீட்டியிருந்தது.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருத்தி, பாவம், தனியாக ஜூஸ் குடிக்க வந்து இப்படித் திட்டு வாங்குகிறாளே! எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கு இப்படி நடக்கும்? ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவளே ஜூஸை வைத்துவிட்டுத் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே வந்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சிடுங்கக்கா. உங்க எடம்னு எனக்குத் தெரியாது. காலியா இருக்குன்னுதான் சொன்னாங்க."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் உன்னச் சொல்லலம்மா. நீ யாரு?"

அவள் கல்லாவைப் பார்த்தாள். கல்லா லசான்யாவைப் பார்த்தாள்.

"திங்கக்கிழமைலேருந்து முதல் நாற்காலில சேரச் சொன்னாங்க. இன்னைக்கு இனிப்பு சாப்பிடற நேரத்துக்கு வந்தா உங்கள அறிமுகப்படுத்தறேன்னாங்க. நான் கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன். நீங்க பேசிக்கிட்டிருந்தீங்கன்னு வெளிய உக்காந்தேன்."

அடிப்பாவி! குதிரை கீழே தள்ளியதோடு நிற்கவில்லை, குழியும் பறித்துவிட்டது. ஆளையும் பிடித்து, தேதியும் குறித்து, அறிமுகத்துக்கு இனிப்பும் சொல்லிவைத்துவிட்டு, "அத நான் பாத்துக்கறேன்" என்கிறாளே! நான் என்ன கத்தினேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. கூடம் முழுக்கக் கரண்டிச் சத்தம் நின்றுபோனது மட்டும் தெரியும். கல்லாவை நன்றி கெட்டவள் என்றேன். அக்கா பேரைச் சொல்லித்தான் உன் கடை ஓடுகிறது என்றேன். க்ரீமைப் பார்த்து, "நீயும் தெரிஞ்சுதானே வந்த?" என்றேன். க்ரீம் அழுதாள். அழுகிறவளைப் பார்த்து எனக்கு இரக்கம் வரவில்லை.

"கை நடுங்கினா என்ன?" என்று கத்தினேன். "வெட்டினதப் பாரு, வெட்டினத! போன வாரம் அக்கா வெட்டின தலை ஒவ்வொண்ணையும் கூட்டிட்டு வரேன். எங்கயாவது ஒரு முடி ஏறி எறங்கி இருக்கான்னு காட்டு. நூல் புடிச்ச மாதிரி இல்ல?"

கல்லா கை துடைக்கிற துணியை மேசையில் வீசினாள். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"இருக்கும்டி, இருக்கும். ஏன் இருக்காது? ட்ரையர் போடறேன் ட்ரையர் போடறேன்னு நீதான ஒவ்வொரு தலையையும் திருப்பி வெட்டற! மழைக்காலத்துலேருந்து அவங்க வெட்டுன்னு ஒண்ணு வெளிய போயிருக்கா? எல்லாம் உன் வெட்டு. எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா?"

நான் கண்ணாடியில் அக்காவின் முகத்தைத் தேடினேன். வெளி விளக்கு எரிந்ததால் அதில் தண்ணீரும் படகுக் கம்பமும்தான் தெரிந்தன. திரும்பி அவளை நேராகப் பார்க்கவேண்டியதாகிவிட்டது. இத்தனை வருடத்தில் அவ்வளவு பக்கத்தில் அவள் முகத்தை நான் நேராகப் பார்த்ததில்லை.

"நெஜமாடி?" என்றாள். அவள் கத்தவில்லை.

"அக்கா, சும்மா ஓரத்துல லேசா..."

"நெஜமான்னு கேட்டேன்."

"ஆமா. உனக்காகத்தான செஞ்சேன்? இவ உன்ன வெளிய அனுப்பிடுவாளேன்னுதான செஞ்சேன்?"

அந்தப் புதியவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கை ஆடறது எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?" என்றாள் அக்கா. "ராத்திரியெல்லாம் அதப் புடிச்சுக்கிட்டுப் படுப்பேன். டாக்டர்கிட்ட போலாமா, நிறுத்திடலாமான்னு தெனமும் யோசிப்பேன். காலைல வந்து வெட்டுவேன். வெட்டினதப் பாப்பேன். சுத்தமா இருக்கும். அப்பாடா, கைதான் ஆடுது, வேலை ஆடலன்னு நெனச்சுக்குவேன். அந்த ஒரு தைரியத்துலதான்டி மறுநாளும் கத்தரிய எடுத்தேன். அந்த டீச்சரம்மா காதுல பட்டதும் அந்தத் தைரியத்துலதான். கோணலா இருக்குன்னு நீ அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்கே கத்தரியக் கீழ வெச்சிருப்பேன்."

"நீ தாங்க மாட்டியேன்னுதான்க்கா..."

"நான் தாங்குவேனா மாட்டேனான்னு நீ யாரு முடிவு பண்ண? இவ என் நாற்காலிய எடுத்தா. அது இவ கடை, எடுத்துட்டுப் போகட்டும். நீ என் கையப் பத்தி எனக்கே பொய் சொன்ன."

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் என்னைத் திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்குக் கத்தத்தான் தெரியும். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. புதியவள் பக்கம் திரும்பிவிட்டாள்.

"உக்காரும்மா, ஏன் நிக்கற? சாப்பிட்டியா? அந்த நாற்காலி உக்கார உக்காரத் தானா எறங்கும். ரெண்டு தடவ மிதிச்சு ஏத்திட்டு வெட்டு. இல்லன்னா பின்னால நீளம் ஏமாத்திடும். இவங்ககிட்ட சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன், மாத்தித் தரல. நீ புதுசு, முதல் வாரமே கேளு. அப்புறம் கேட்டா கெடைக்காது." கல்லாவை ஒரு பார்வை பார்த்தாள். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

இனிப்பு வந்தது. காபித் தூள் தூவிய அந்த இனிப்பை அக்கா ஸ்பூனால் முழுவதும் சாப்பிட்டாள். ஸ்பூன் ஆடியது, கொஞ்சம் மேசையில் சிந்தியது. மறைக்கவில்லை. நான் என்னுடையதைத் தொடவில்லை.

திரும்பும்போது கல்லாவின் காரில் ஏற மாட்டேன் என்று அக்கா பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே நடந்தேன். ஏரிக்கரைச் சாலையில் எங்களைத் தவிர நாய் மட்டும்தான் இருந்தது. வழியெல்லாம் நானே பேசினேன். கல்லாவைத் திட்டினேன். நாளைக்கே வேலையை விடுகிறேன், ரெண்டு பேரும் தனியாகக் கடை போடலாம் என்றேன். டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். என் மேல் தப்பே இல்லை என்று ஒரு தடவையும், தப்புத்தான் என்று ஒரு தடவையும் சொன்னேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

பஸ் ஸ்டாப்பு விளக்கில் அவள் பின்னங்கழுத்தில் முடி வளர்ந்து சட்டைக் கழுத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. முடி வெட்டுகிறவளுக்குத் தன் முடியைத் தானே வெட்டிக்கொள்ள முடியாது. அவளுக்கு எப்போதும் நான்தான் வெட்டுவேன். வேறு யாரையும் தன் தலையில் கைவைக்க விடமாட்டாள். நல்லவேளை, பேச ஒரு விஷயம் கிடைத்தது என்று இருந்தது எனக்கு.

"முடி நீண்டுடுச்சேக்கா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து வெட்டி விடட்டுமா?"

"வேணாம்" என்றாள். "திங்கக்கிழமை கடைக்கு வரேன். அந்தப் பொண்ணு வெட்டட்டும்."

"அவளா? அவ எப்படி வெட்டுவான்னே தெரியாதேக்கா! உன் தலையக் கண்ட ஆளு கையிலயா குடுப்ப?"

"அவளுக்கு என் மேல பாசம் கெடையாது. கண்ணாடில நான் எப்படி இருக்கேன்னு கேட்டா, உள்ளதச் சொல்லுவா."

பஸ் வந்தது. அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினாள். நான் ஏறவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்று மட்டும் கேட்காதீர்கள்.